குரலுக்கும் பூட்டா?

வெற்றிடத்தில் ஒலி பரவாது என்கிறது பௌதிகம். பெண்ணின் குரலை அடக்க விரும்புவோரும் அவளைச் சுற்றி ஒரு வெற்றிடத்தைத்தான் உண்டாக்கப் பார்க்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் தாலிபான் ஆட்சி, பெண் பாடுவதோ உரக்கப் படிப்பதோ பொது இடத்தில் கேட்கக் கூடாது என்று சமயத்தின் பெயரால் சட்டம் செய்தது. ஈரானிலோ 1979 புரட்சிக்குப் பின், ஆடவர் முன் பெண் தனித்துப் பாடத் தடை. அப்பெண்கள் வாய்மூடி இருந்தார்களா? இல்லை. ஆப்கானியப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு பாடி, அதைப் படம்பிடித்து உலகறியச் செய்தனர். ஈரானின் பாடகி பரஸ்தூ அகமதி 2024 டிசம்பரில், முக்காடின்றி, பார்வையாளர் இல்லாத பழைய சத்திரம் ஒன்றில் பாடி இணையத்தில் ஒளிபரப்பினார், கைதும் செய்யப்பட்டார்.

“அவர்கள் மதம், அவர்கள் நாடு, நமக்கென்ன?” என்பார் உண்டு. நண்பர்களே, நம் வீட்டுக் கதையையும் கேளுங்கள். திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குத் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர், சென்னையில் வாழ்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கு நடந்த ஆராதனையில் பாட அவருக்கே உரிமையில்லை. பெண், அதிலும் தேவதாசி மரபினர்! அவர் பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறம் தனி ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் முன்னே வந்து பாடினர். இன்று மயிலாப்பூர்ச் சபாக்களில் மார்கழிதோறும் பெண்கள் பாடக் கேட்கும் நாம் அந்தப் பின்புறத்தை மறக்கலாகாது.

நாகரத்தினம்மாளைத் தடுத்தது வழக்கம். ஆப்கானியப் பெண்ணைத் தடுப்பது சட்டம். வேற்றுமை பெரிதுதான். ஆனால் இரண்டும் சொல்லும் காரணம் ஒன்றே: பெண் குரல் பட்டால் புனிதம் கெடுமாம்!

என் தாய் பள்ளிக்கூடம் அறியாதவர். தாலாட்டும் நடவுப் பாட்டும் அருமையாகப் பாடுவார். வாசலில் ஆள் அரவம் கேட்டால் நிறுத்திவிடுவார். அவரை எந்த அரசும் தடுக்கவில்லை. “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்ற எழுதாத சட்டமே தடுக்கிறது.

காபூலின் சட்டத்தை மாற்ற நம்மால் இயலாது. எழுதாத சட்டத்தை மாற்ற நாமே போதும். அந்த நாலு பேரில் நாமும் இருக்கிறோம் அல்லவா? அடுத்த கல்லூரி விழாவில் நம் தாய்மார்களை மேடையேற்றிப் பாடச் சொல்வோம். முன் வரிசையில் அமர்ந்து நாம் கேட்போம்.