கவனயீனம் என்றொரு கட்டுக்கதை

நம் ஊர்களில் ஒரு பெண்ணோ குழந்தையோ தீயிற் கருகினால், இரண்டு சொற்கள் உடனே புறப்பட்டு வருகின்றன. ஒன்று 'கவனயீனம்', மற்றொன்று 'நஸீபு'. முதலாவது சொல் எரிந்தவளையே குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது சொல் குற்றவாளியே இல்லையென்று வழக்கைத் தள்ளுபடி செய்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உண்மையான காரணங்கள் ஓசையின்றி நழுவி விடுகின்றன. நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் நோயாளியைப் பார்க்க வருவோர் வாயில் இச்சொற்கள் இரக்கத்தின் மொழியாகவே உலவுகின்றன. எனினும் அவை செய்யும் வேலை இரக்கமற்றது. ஆகவே இவ்விரு சொற்களையும் இங்கே மறுக்க விரும்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 180,000 பேர் தீக்காயங்களால் மடிகிறார்கள். அவர்களுட் பெரும்பாலோர் வறிய நாடுகளையும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். கவனயீனமே காரணமென்றால், வறிய நாட்டுத் தாய்மார் அனைவரும் அசட்டையானவர்கள், செல்வ நாட்டுத் தாய்மார் அனைவரும் விழிப்பானவர்கள் என்றல்லவா முடிவு கட்டவேண்டும்? இதைவிடப் பெரிய அபாண்டம் உண்டா?

செல்வ நாடுகளிலும் ஒரு காலத்திற் குழந்தைகள் எரிந்துகொண்டுதான் இருந்தார்கள். குளிர்காயும் கருவிகளின் அருகே நின்ற சிறுமிகளின் இரவுடையிலே தீப்பற்றிற்று. அங்கே தாய்மாருக்கு வெறும் உபதேசம் செய்துவிட்டு ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1952ஆம் ஆண்டுச் சட்டம், சூடாக்கும் கருவிகளைத் தடுப்புக் கம்பியின்றி விற்பதைத் தடை செய்தது. 1964ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், குழந்தைகளின் இரவுடைத் துணி எளிதில் தீப்பற்றக்கூடாதென்று விதித்தன. மனித சுபாவத்தைத் திருத்தக் காத்திராமல், மனிதர் கையிற் கொடுக்கப்படும் பொருளைத் திருத்தினார்கள். இந்த வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

மின்சாரம் எட்டாத நம் குடிசைகளிலே பல்லாண்டு காலம் ஒளி தந்தது எது? குப்பிவிளக்கு. யாரோ குடித்து எறிந்த போத்தல், மூடியில் ஒரு துளை, துளையில் ஒரு தகரக் குழாய், குழாயிற் பழந்துணித் திரி. நெடிய உருவம், ஒடுங்கிய அடி, இறுகப் பூட்டாத மூடி. பூனை தட்டினாற் சாயும். சாய்ந்தால் உருளும். உருண்டால் எண்ணெய் கொட்டும். கொட்டிய எண்ணெயைத் திரி பற்றும். அருகே இருப்பவள் நைலோன் சேலையோ சட்டையோ அணிந்திருந்தால், துணி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இப்படி எரிந்தவர்களை ஆண்டுக்கணக்காக அறுவைக் கட்டிலிற் பார்த்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புற. அவர் 'கவனயீனம்' என்று குறிப்பெழுதிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. 'விளக்கு ஏன் சாய்கிறது?' என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் விஞ்ஞானம். மார்மைற் போத்தலின் குட்டையான, தடித்த உருவத்திலிருந்து அவருக்கு வழி பிறந்தது. 'சுதீபா' என்னும் விளக்கு உருவாயிற்று. கனமான கண்ணாடி, குட்டையான உடல், உருளாதிருக்க இரு பக்கமும் தட்டை, எண்ணெய் சிந்தாதிருக்கத் திருகி மூடும் உலோக மூடி. அவ்வளவுதான்! வானத்தை வில்லாக வளைக்கவில்லை. போத்தலின் உருவத்தை மாற்றினார். 1998ஆம் ஆண்டு அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பல இலட்சம் விளக்குகள் வறியோர் வீடுகளுக்குச் சென்றன. அந்த வீடுகளிற் பெண்கள் திடீரென்று கவனசாலிகளாக மாறிவிட்டார்களா? இல்லை. விளக்கு மாறிற்று.

இனி நஸீபு. எதுவும் இறைவன் விதித்தபடி என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. அதைக் காரணமாக்கிக் கைகட்டியிருக்கும் சோம்பலோடுதான் வழக்கு. உறங்கு முன் விளக்கை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பதை நம் பள்ளிவாசல்களில் யாரும் அறிவர். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். விதியைச் சொல்லி விட்டுவிடாமல் எலியையும் திரியையும் எண்ணிப் பார்த்த அந்தப் போதனைக்கு, நம்மவர் நாவில் உலவும் 'நஸீபு' உறவா, பகையா?

'இப்போது எல்லா வீட்டிலும் மின்சாரம் வந்துவிட்டதே, பழங்கதை எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். பழங்கதை முடியவில்லை, உருவம் மாறியிருக்கிறது.

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான அடுப்படிகளில் எரிவாயு தீப்பற்றிற்று, வெடித்தது, உயிர்கள் போயின. அப்போதும் முதலில் விரல் நீண்டது யாரை நோக்கி? 'குழாயைப் பார்த்தாயா? ரெகுலேற்றரைச் சரியாகப் பூட்டினாயா?' என்று அடுப்படியில் நின்ற பெண்ணை நோக்கி! ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழுவோ, சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியதே முதன்மைக் காரணமென்று கண்டது. புரொப்பேன் மிகுந்தால் உள்ளழுத்தம் மிகும். மிகுந்த அழுத்தத்திற் கசிவும் மிகும். பூட்டிய சிலிண்டரின் உள்ளே என்ன கலந்தார்கள் என்பதை எந்த உம்மா முகர்ந்து அறிவாள்? விற்றவன் மாற்றினான், வாங்கியவள் எரிந்தாள், பழியோ வாங்கியவள் தலையில்.

அடுத்த ஆண்டு எரிவாயுவே இல்லாமற் போயிற்று. வரிசையில் நின்று பெற்ற பெற்றோலை மக்கள் கேன்களிலும் போத்தல்களிலும் வீட்டுக்குள் வைத்தார்கள். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று. அதே மாதம் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் உயர்ந்தன. கட்டணம் செலுத்த முடியாத வீடுகளின் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. இருண்ட வீட்டில் மெழுகுதிரியும் போத்தல் விளக்கும் திரும்ப வந்து அமர்ந்தன. மண்ணெண்ணெயின் ஆவி ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேலேதான் தீயை ஏற்கும்; பெற்றோலின் ஆவியோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் ஏற்கும். ஆகவே மண்ணெண்ணெய் விளக்கிற் சிறிது பெற்றோல் கலந்தாலும் விளக்கே வெடிகுண்டாகும். இது நம் மாணவர் அறியவேண்டிய இரசாயனம். எண்ணெயின் விலையும் மின்கட்டணமும் வீட்டுத் தீயைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் அறியவேண்டிய அரசியற் பொருளாதாரம்.

வீட்டுக்கு வெளியேயும் இதே கதைதான். 2012 செப்டெம்பர் 11ஆந் திகதி கராச்சியில் அலி என்ரபிறைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டார்கள். யன்னல்களுக்குக் கம்பி; வெளிவாசல்களுக்குப் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்குச் சர்வதேச நற்சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது! 2004 யூலை 16ஆந் திகதி கும்பகோணத்துப் பாடசாலையில் 94 குழந்தைகள் கருகினார்கள். சத்துணவுச் சமையற் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. நெருக்கடியான வகுப்புக்களிலிருந்து வெளியேற வழி போதவில்லை. அக்குழந்தைகள் செய்த கவனயீனம் யாது? பள்ளிக்குச் சென்றதா?

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் ஏட்டில் உண்டு. எனினும் நெல் அவிக்கும் ஆலையில் கொதிநீர்த் தொட்டியருகே வெறுங்காலோடு நிற்கும் கூலியாளையும், பேக்கரிப் போறணையின் முன் நள்ளிரவு முழுதும் நிற்கும் இளைஞனையும் அந்த ஏடு எத்தனை நாள் எட்டிப் பார்க்கிறது? எரிந்த கைக்குக் கூலி ஏது என்று யார் கேட்கிறார்கள்?

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவையும் உள. கந்தூரிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் கிடாரம் ஏற்றுகிறோம். அதைச் சுற்றி ஒரு கயிறு கட்டிச் சிறுவரை அப்பால் நிறுத்துவது எந்தப் பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் பெருஞ்செலவன்று. 60 பாகை வெந்நீர் சில விநாடிகளில் ஆழப் புண்ணாக்கும். கொதிக்கும் கஞ்சியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? தரையில் எரியும் அடுப்பை இடுப்பளவு மேடைக்கு உயர்த்தினால், தவழும் குழந்தைக்கு அது எட்டாது. ஆனால் மேடை கட்டச் சீமெந்து வேண்டும். சீமெந்துக்குப் பணம் வேண்டும். வீட்டுத் திட்டம் வகுப்போர் அடுப்படியையும் வீடென்று கருதவேண்டும்.

சுட்ட புண்ணிற் பற்பசையும் மையும் முட்டை வெள்ளையும் பூசும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவை வெப்பத்தை உள்ளே பூட்டும். கிருமியை உள்ளே சேர்க்கும். செய்யவேண்டியது எளிது: தீயை அணைத்து, மோதிரம் வளையல்களைக் கழற்றி, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்து, தூய துணியால் மூடி, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல். பனிக்கட்டி ஆகாது. உடையிலே தீப்பற்றினால் ஓடாமல் தரையில் உருளவேண்டும். இதைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் தீக்காயப் பிரிவு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. குழாய் நீரோ கைக்கெட்டும் தூரத்தில்.

ஆசிரியரே, மாணவரே! கற்பிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது; கேட்கவும் வேண்டும். தீக்காயத்தோடு வருவோரிடம் 'எந்த அடுப்பு, எந்த விளக்கு, எந்த எண்ணெய்' என்று எழுதிவைக்கும் பதிவேடு ஒவ்வொரு வைத்தியசாலையிலும் வேண்டுமென்று கேட்போம். வறிய வீட்டின் விளக்கை அணைக்காத மின்கட்டணம் கேட்போம். சிலிண்டருக்குள் இருப்பதை வாங்குபவர் அறியும் உரிமை கேட்போம். ஆலைக்கும் பேக்கரிக்கும் ஆண்டு தோறும் பரிசோதகர் வரவேண்டுமென்று கேட்போம். நம் சொந்தப் பாடசாலையின் வாசல்கள் எத்தனை, அவற்றிற் பூட்டியிருப்பவை எத்தனை என்று நாளைக் காலையே எண்ணிப் பார்ப்போம்.

எரிந்தவளின் கட்டிலருகே நின்று அவள் கவனத்தைக் குறைகூறுவது எளிது. அவள் கையில் அந்தப் போத்தலைக் கொடுத்தவர் யார் என்று கேட்பது கடினம். கடினமான அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் நாம் படித்தோம்.