ஒளிந்து பார்க்கும் உரிமை யாருடையது?

புகைப்படப் போட்டிகளில் ‘கேண்டிட்’ என்பது ஒரு தகுதியாக இருக்கும்வரை, அவை ஆண்கள் ஆண்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் பரிசுகளாகவே இருக்கும். படத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் எடுத்தால் உண்மை, தெரிந்து எடுத்தால் நடிப்பு. நடுவர்கள் அந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் இதுதான். தெருவில், பேருந்தில், படித்துறையில் தனக்குத் தெரியாமல் பார்க்கப்படுவது என்றால் என்னவென்று பன்னிரண்டு வயதிலிருந்தே அறிந்தவள் பெண். அதே பார்வைக்குக் கலை என்று பெயர் சூட்டிக் கோப்பை கொடுக்கும்போது நாம் எதற்குக் கைதட்ட வேண்டும்?

ஒரு புகைப்படச் சங்கம் அமெச்சூர்களுக்கு நடத்திய போட்டியில் பழைய ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. யாஷிகா எலக்ட்ரோ 35-இல் எடுத்த ஒரு படத்தை அனுப்பினேன். மீன் விற்கும் பெண் ஒருவரின் படம். எடுக்கலாமா என்று கேட்டேன். “செத்த இரும்மா” என்றவர், கையைக் கழுவி, முந்தானையை இழுத்துச் செருகி, கூடையை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு நேராக லென்ஸைப் பார்த்தார். நடுவர் குறிப்பு ஒரே வரி: போஸ் கொடுத்த படம், இயல்பாக இல்லை. முதற்பரிசு, ஈரச் சேலையோடு படித்துறை ஏறும் ஓர் இளம்பெண்ணின் படத்துக்கு. எடுத்ததே அவளுக்குத் தெரியாது என்பதைத்தான் மேடையில் சிறப்பாகச் சொன்னார்கள்.

பரிசு கிடைக்காத ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் சண்டை அந்த அளவுகோலோடு.

அந்த அளவுகோலுக்கு ஒரு வரலாறு உண்டு. சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமில் இயங்கும் சிறிய லைக்கா கேமரா 1925-இல் விற்பனைக்கு வந்தது. 1932-இல் ரேஞ்ச்ஃபைண்டர் அதற்குள்ளேயே சேர்ந்தது. உள்ளே மேலெழும் கண்ணாடி இல்லாததால் சத்தம் குறைவு. சட்டைப்பைக்குள் ஒளிக்கலாம். ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்காவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். 1952-இல் வந்த அவர் நூலின் ஆங்கிலத் தலைப்பான ‘தீர்மானகரமான கணம்’ என்பதையே எல்லோரும் ஓதுகிறோம். பிரெஞ்சுத் தலைப்பின் பொருள் வேறு: அவசரமாக, திருட்டுத்தனமாக எடுத்த படங்கள். வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் ஒரு கான்டாக்ஸ் ரேஞ்ச்ஃபைண்டரை ஒளித்துவைத்து, பொத்தான்களின் இடைவெளியில் லென்ஸ் நீட்டி, எதிரில் இருந்தவர்களைப் படமெடுத்தார். 1966-இல்தான் அவை நூலாயின. இவர்கள் பெரிய கலைஞர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. இவர்களுடைய வழி எப்படி எல்லோருக்குமான விதியானது என்றுதான் கேட்கிறேன்.

கருவி அப்படிக் கேட்கவில்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள சிறு சாளரத்தின் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் ஒரு மங்கிய கட்டத்தில் முகம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். என் கேமராவில் 45 மி.மீ. லென்ஸ், கழற்றி மாற்ற முடியாது, ஜூம் கிடையாது. ஒரு முகம் படத்தை நிறைக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்துக்குப் போயாக வேண்டும். அது பேசும் தூரம். அந்த இடத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருப்பதற்குத்தான் தனித் துணிச்சல் வேண்டும். இல்ஸ் பிங் 1931-இல் கண்ணாடிகளின் முன் தன் லைக்காவோடு தன்னையே எடுத்தார். பார்ப்பவளும் பார்க்கப்படுபவளும் அவரே. அங்கே யாரும் ஒளியவில்லை. அது போஸ்தான். அதனால் அது பொய்யாகிவிட்டதா?

ஹெலன் லெவிட் பெண்தானே, அவரும் பக்கவாட்டில் பார்க்கும் சாளரம் பொருத்திய லைக்காவால் தெருப்பிள்ளைகளை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்தாரே என்று கேட்பார்கள். எடுத்தார்தான். ஒளிந்து எடுக்கப் பெண்களுக்குத் தெரியாது என்பதல்ல என் வாதம். ஒளிந்து எடுத்ததே உண்மை என்ற தீர்ப்பைத்தான் மறுக்கிறேன். கேட்டால் இயல்பு போய்விடும் என்கிறார்கள். மீன்காரப் பெண் கை கழுவியதும் கூடையை நகர்த்தியதும் இயல்பில்லையா? தான் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு பெண் முடிவெடுக்கும் நொடி அது. தீர்மானகரமான கணம் என்று ஒன்று இருந்தால் அதைவிட வேறெது?

தமிழ் படித்த நமக்கு இது புதிதல்ல. அகப்பாடலில் தலைவன் தலைவி யாரென்று பெயர் சுட்டக் கூடாது என்று விதித்தது தொல்காப்பியம். பிறர் அந்தரங்கத்தைப் பாடலாம், ஆனால் ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. உடன்போக்கில் செல்பவர்களை வழியில் பார்த்தவர்கள்கூட ‘கண்டோர்’ என்ற பெயரில் வாய்திறந்து பேசுகிறார்கள்; பார்த்துவிட்டு மறைந்துகொள்வதில்லை. புகைப்படத்தில் பெயரை விட்டுவிட முடியாது, ஏனென்றால் முகமே பெயர். படித்துறைப் பெண்ணின் முகம் சுவரில் தொங்குகிறது, பரிசுச் சான்றிதழில் எடுத்தவர் பெயர் மட்டும் இருக்கிறது. நம் பழைய விதியை இதைவிடத் தலைகீழாக்க முடியாது.

ஆகவே போட்டி நடத்துபவர்களிடம் மூன்று கோரிக்கைகள். ‘கேண்டிட்’ என்பதற்கு மதிப்பெண் தராதீர்கள். அடையாளம் தெரியும் முகம் இருந்தால், அவர் சம்மதித்தாரா என்ற கேள்வியை நுழைவுப் படிவத்தில் சேருங்கள். நடுவர் குழுவில் பெண்களை உட்காரவையுங்கள், ‘மகளிர் சிறப்புப் பரிசு’ என்று ஓரமாக ஒரு குத்துவிளக்கை நீட்டாதீர்கள்.

மாணவிகளே, போட்டிகளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. வீட்டுப் பரணில் அப்பாவின் கேமராவோ மாமாவின் கேமராவோ கிடந்தால் கேட்டு வாங்குங்கள். ஒரு ரோலில் 36 படங்கள். 36 பேரிடம் போய்ப் பேசுங்கள். வேண்டாம் என்பவரிடம் கேமராவைத் தாழ்த்துங்கள். சரி என்பவர் உங்களைப் பார்க்கும் படத்தைப் போட்டிக்கு அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த ஆண்டும் அனுப்புங்கள். நம்மைத் திரும்பிப் பார்க்கும் முகங்கள் அவர்கள் மேசையில் குவியட்டும்.