கட்டிலில் நோயாளி, வராந்தாவில் துணையாள்! லீவுக்கு எங்கே போவார்?

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனை வாசலில், அல்லது 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்று நோய் மருத்துவமனை வாசலில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். ஒரு கையில் துணிப் பை, மறு கையில் பைல் கட்டு. "டோக்கன் எங்கேங்க போடணும்?" என்று கேட்டபடி ஓடுகிறவர் நோயாளி அல்ல. துணைக்கு வந்தவர்!

நோயாளிக்கு வழி இருக்கிறது. முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஆஸ்பத்திரி பில்லைத்தான் பார்க்கும். துணையாளின் பஸ் செலவு, ஓட்டல் சாப்பாடு, போன கூலி, இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

24 எங்கே, 30 எங்கே?

கதிர்வீச்சு சிகிச்சையை 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். பல பேருக்கு வாரம் 5 நாள் வீதம் 6 வாரம். மொத்தம் 30 நாள்! மெஷினில் படுப்பது சில நிமிடம்தான். போக, வர, காத்திருக்க அரை நாள் காலி. கீமோ என்றால் பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒரு தடவை, மாதக் கணக்கில்.

ஜவுளிக் கடை சிப்பந்தி ஒருவர் தன் மனைவியை அழைத்துப் போகிறார் என்று வையுங்கள். 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி அவருக்கு வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்தது! ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு சம்பளத்தோடு இன்னொரு 12 நாள். சேர்த்தால் 24. அப்புறம்? நோய் விடுப்பு இருக்கிறதே என்றால், அது அவருக்கே நோய் வந்தால்தானாம்!

ஈ.எஸ்.ஐ.யும் இப்படித்தான். தகுதியுள்ள தொழிலாளிக்கே புற்று நோய் வந்தால் கூலியில் 80 சதவீதம், 2 வருடம் வரை கிடைக்கும். குடும்பத்தாருக்கு வைத்தியமும் உண்டு. ஆனால் தாய்க்கு நோய் வந்து மகன் வேலைக்குப் போகாமல் நின்றால் ஒரு காசு கிடையாது.

ரெயில்வே தேவலை!

இந்தத் துணையாளைக் கண்டு கொண்டது ரெயில்வேதான். சிகிச்சைக்குப் போகும் புற்று நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகை. கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரி சான்றிதழ் இருந்தால் போதும். 2020-ல் கொரோனா சமயத்தில் முதியோர் சலுகையை நிறுத்தினார்களே, அப்போதும் இதில் கை வைக்கவில்லை. நோயாளி தனியாக வர முடியாது என்பது டிக்கெட் கவுண்டருக்குத் தெரிகிறது. சம்பளப் பட்டியல் போடுகிற இடத்துக்குத் தெரியவில்லை!

தெர்மாமீட்டரும் கையுமாக...

பணம் ஒரு பக்கம். உடம்பு? கீமோ போட்டால் வெள்ளை அணு குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 'மாத்திரை கொடுத்துட்டு காலையில பார்க்கலாம்' என்று இருக்க முடியாது. ஆகவே வீட்டில் ஒருவர் தூங்காமல் காவல். அநேகமாக மனைவி, மகள் அல்லது மருமகள். தன் சுகர் மாத்திரையை அவர் மறந்திருப்பார். "உனக்கென்னம்மா, நீ நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிற சொந்தக்காரர்கள், போகும்போது ஏதோ ஓர் இலைச் சாற்றையும் சிபாரிசு செய்வார்கள். நோயாளிக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கிற வீடும் உண்டு. தொட்டால் ஒட்டுகிற நோயா இது?

இன்னொரு பாரம், மறைப்பது. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், சாதாரண கட்டின்னு சொல்லுங்க." நம் ஊரில் இது சகஜம். அப்பாவுக்கோ ஆஸ்பத்திரி போர்டைப் படித்த அன்றே பாதி விஷயம் புரிந்திருக்கும்! ஒருவருக்கு ஒருவர் தெரியாத மாதிரி நடிக்கிறார்கள். அழுவதற்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

உதவி அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. மனசு தளர்ந்தால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். நோயாளிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், துணையாளும் பேசலாம்.

ஆனால் போன் ஆறுதல் சொல்லும், கூலி தருமா? ரெயில்வே ஒப்புக் கொள்வது போன்ற டாக்டர் சான்றிதழைக் காட்டினால், சிகிச்சை நாட்களுக்குத் துணையாளுக்கும் சம்பளம் என்று ஈ.எஸ்.ஐ.யில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த நிதியிலிருந்து கொடுத்தால் சுமை ஒரே முதலாளியின் தலையில் விழாது.

அதுவரை கடைக்காரர்களால் முடிந்தது ஒன்று உண்டு. எத்தனை நாள் கதிர்வீச்சு என்பதை ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்து, 6 வாரத்துக்கு மட்டும் ஷிப்டை மதியத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம்.