வெள்ளித் துகளும் ஆறாத புண்ணும்

சங்கரன்கோவிலில் கைத்தறி நெய்யும் பெரியவர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். நீரிழிவு நோயாளி, காலில் ஆறாத புண். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்தியவர், பின்பு கடையில் தாமே கேட்டு வாங்கியதையும் பாதியில் விட்டார். இப்போது எம்மாத்திரைக்கும் புண் அடங்கவில்லை. “சாமி, வெள்ளியை நானோத் தூளாக்கினால் கிருமி சாகுமாமே?” என வினவினார்.

கேள்வி வீணன்று, வாசகர்களே. மருந்துக்கு அடங்காத கிருமி தொலைதூரச் செய்தியும் அன்று. ஆற்றல்மிகு மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 நொதியுடைய கிருமிகளைச் சென்னையிலேயே கண்டு, 2010-இல் வெளியிட்டனர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் குழுவினரும்.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். அத்தகைய நூறு கூறுகளுக்குள் அடங்கும் வெள்ளித் துகள் கிருமியின் மேலுறையைச் சிதைக்கின்றது. உள்ளிருக்கும் புரதங்களையும் தாக்குகின்றது. பல முனைகளில் தாக்குண்ட கிருமி தப்புவது கடினம். கடினமே, முடியாததன்று, வெள்ளிக்கும் பழகிய கிருமிகள் உள.

ஆயின் மருத்துவத்தில் நானோ வெள்ளி இன்று பயன்படுவது புண்மேல் இடும் கட்டுத்துணி போன்றவற்றில்தான். இரத்தத்தில் பரவிய கிருமிக்கு ஊசியாகவோ மாத்திரையாகவோ அது இன்னும் வரவில்லை. ‘வெள்ளி நீர்’ என விற்பதை நாள்தோறும் பருகியோர் சிலருக்குத் தோல் நீலச் சாம்பல் நிறமாகி, மாறாமலே நின்றுவிட்டது!

பெரியவரை மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சீழெடுத்து, எம்மருந்துக்குக் கிருமி அடங்கும் எனச் சோதிக்க அனுப்பியுள்ளனர். அதுவரை தறிக்குழியில் கால் வைக்க வேண்டாமென்றோம்.

“சேலை பாதியில் நிற்கிறதே, சாமி” என்றார்.