உயில்: நாமே எழுதலாமா, வக்கீலிடம் போகலாமா?

என் பெரியம்மாவுக்கு 74 வயது. கும்பகோணத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா காலமாகி 11 வருடங்கள் ஆகின்றன. குழந்தைகள் இல்லை. தன் சம்பளத்திலும் பி.எஃப். பணத்திலும் வாங்கிய வீட்டில் தனியாக இருக்கிறார். அடுத்த தெருவில் இருக்கும் என் தங்கைதான் அவருக்கு எல்லாம். மாத்திரை வாங்கிக் கொடுப்பது, பென்ஷன் விஷயமாக அலைவது, கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனது என்று எல்லாம் அவள் பொறுப்பு.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது பெரியம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எனக்கப்புறம் இந்த வீடு உன் தங்கச்சிக்குத்தான். நீதான் பத்திரிகையில எழுதுறியே, நாலு வரி உயில் எழுதிக் குடுடி. கையெழுத்துப் போட்டுடறேன். இதுக்குப் போய் வக்கீலுக்கு எதுக்குத் தண்டம் அழணும்?"

எனக்கும் சரியென்றே பட்டது. வெள்ளைத்தாளை எடுத்துத் தேதிகூடப் போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம் கேட்பதற்காக, வக்கீலாக இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "முதல்ல நீ பேனாவைக் கீழே வை."

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

பெரியம்மா இதுவரை உயில் எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. பெரியப்பா போய்விட்டார், பிள்ளைகளும் இல்லை, அதனால் வீடு தானாகவே தன் தங்கையான என் அம்மாவுக்கும், பிறகு எங்களுக்கும் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, உயில் எழுதாமல் ஓர் இந்துப் பெண் இறந்தால், அவர் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்த உரிமை கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற தாய் தகப்பனுக்கே அதற்குப் பிறகுதான் இடம். கூடப் பிறந்தவர்கள் இன்னும் கீழே. பெற்றோர் வழியில் வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பிள்ளைகள் இல்லாவிட்டால் அது தகப்பனார் வழி வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். சொந்தச் சம்பாத்தியத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

2009-ல் சுப்ரீம் கோர்ட் முன் ஒரு வழக்கு வந்தது. கல்யாணமான மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவர் இறந்துவிட, புகுந்த வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட பெண் அவர். பிறந்த வீடுதான் அவரைப் படிக்கவைத்தது. வேலைக்குப் போனார், சம்பாதித்தார், 1996-ல் உயில் எழுதாமலே இறந்தார். அவருடைய வங்கிப் பணமும் பி.எஃப். பணமும் யாருக்கு? கணவர் வீட்டாருக்குத்தான் என்று தீர்ப்பானது. பரிதாபத்துக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அந்தப் பெண் ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தால் கதையே வேறு.

"பேங்க்ல உன் தங்கச்சியைத்தானே நாமினியா போட்டிருக்கேன்?" என்றார் பெரியம்மா. அதுவும் போதாது. வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டிய பொறுப்பாளர்தான், உரிமையாளர் அல்ல. பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்திருக்கிறது.

நாமே எழுதினால் செல்லுமா?

தாராளமாகச் செல்லும். 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும் உயில் எழுதலாம். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். டைப் செய்யலாம், கையாலும் எழுதலாம். முழுக்கத் தன் கையாலேயே எழுதிய உயிலுக்கு நீதிமன்றத்தில் கூடுதல் மதிப்புகூட உண்டு. வக்கீல் கட்டாயம் இல்லை. பதிவும் கட்டாயம் இல்லை.

கட்டாயமானது இரண்டுதான்: எழுதியவரின் கையெழுத்து, குறைந்தது இரண்டு சாட்சிகள். எழுதியவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சிகள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதன்பின் அவர் முன்னிலையில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். நாமே எழுதும் உயில்கள் பலவும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, 'நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிக்கலாம்' என்று மடித்து பீரோவில் வைத்துவிடுவோம். சாட்சி இல்லாத உயில், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் வெறும் கடிதம்தான்.

இன்னொன்று. வழக்கு என்று வந்துவிட்டால், சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். அதனால் சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாகவும், கூப்பிட்டால் வரக்கூடியவர்களாகவும் இருக்கட்டும். சொத்து பெறுபவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடவே வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு, அப்படிப் போட்டால் அவருக்கு எழுதிய பங்கே செல்லாது.

அப்படியானால் வக்கீல் எதற்கு?

தோழி என்னைப் பேனாவைக் கீழே வைக்கச் சொன்னது என் தமிழில் சந்தேகப்பட்டு அல்ல. "வீடு உன் தங்கச்சிக்கு. எழுதுறது நீ. சாட்சிக்கு ஆள் பிடிக்கிறதும் நீங்க. நாளைக்குப் பெரியப்பாவோட அண்ணன் பசங்க கேஸ் போட்டா, வயசானவங்களை மிரட்டி எழுதி வாங்கிட்டாங்கன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

இது அவளுடைய பயம் மட்டுமல்ல. உயிலால் பயன் பெறுபவரே முன்னின்று அதைத் தயாரித்திருந்தால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்றும், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்றும் 1958-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இன்றுவரை உயில் வழக்குகளில் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சொந்தமாக எழுதுவதா, வக்கீலிடம் போவதா என்பதைச் சொத்தின் மதிப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. 'இந்த உயிலைப் படித்ததும் யார் முகம் வாடும்?' என்று கேட்டுப் பாருங்கள். அதில் பதில் இருக்கிறது.

யார் முகமும் வாடாது என்றால் நீங்களே எழுதுங்கள். கணவருக்குப் பின் மனைவிக்கு, அவருக்குப் பின் பிள்ளைகளுக்குச் சமமாக, பத்திரமெல்லாம் உங்கள் பெயரில் தெளிவாக, எல்லோருக்கும் தெரிந்தே என்றால், வக்கீல் வந்து பெரிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை.

ஒருவர் முகமாவது வாடும் என்றால் வக்கீலிடம் போங்கள். ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக அல்லது ஒருவருக்கு ஒன்றுமே இல்லாமல் எழுதுவது, இரண்டாவது திருமணம், வாரிசு அல்லாதவருக்குக் கொடுப்பது, எழுதுபவர் நோயாளியாக இருப்பது எல்லாம் இந்த வகை. பூர்வீகச் சொத்து கலந்திருந்தாலும், கூட்டுத் தொழில் இருந்தாலும், வெளிநாட்டில் சொத்து இருந்தாலும், தானே பார்த்துக்கொள்ள முடியாத மாற்றுத்திறன் பிள்ளைக்கு வாழ்நாள் ஏற்பாடு செய்வதானாலும் வக்கீல் தேவை. மதத்தைப் பொறுத்தும் விதிகள் மாறும். இஸ்லாமியர்கள், மற்ற வாரிசுகள் சம்மதிக்காதவரை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர் ஒருவர் திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணத்தோடு ரத்தாகிவிடும்.

சார் பதிவாளர் அலுவலக வாசலில் இருக்கும் பத்திர எழுத்தரிடம் போகலாமா என்பீர்கள். சொத்து விவரத்தைப் பிழையில்லாமல் எழுத அவர் நல்ல துணை. ஆனால் 'இப்படி எழுதினால் நாளை யார் எதிர்ப்பார்கள்?' என்று யோசித்துச் சொல்வது அவர் வேலை அல்ல. 'எழுதறதுதான் எழுதறீங்க, செட்டில்மென்ட்டா எழுதிடுங்க' என்று யாராவது சொன்னால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதினால் உரிமை அப்போதே கைமாறிவிடும். மனம் மாறினால் திரும்பப் பெறுவது சுலபமல்ல.

நீங்களே எழுதுவதானால்...

* பெயர், வயது, முகவரி, தேதி எழுதி, 'இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்று தொடங்குங்கள்.
* 'கும்பகோணம் வீடு' என்று எழுதாமல் கதவு எண், சர்வே எண், அளவு, பத்திர எண் என்று முழுதாக எழுதுங்கள். வங்கிக் கணக்கு, நகை, வாகனத்தையும் விடாதீர்கள்.
* 'இதில் சொல்லாத, இனி நான் சேர்க்கும் சொத்துகள் இன்னாருக்கு' என்று ஒரு வரி அவசியம்.
* பெறுபவர் உங்களுக்கு முன்பே காலமாகிவிட்டால் அடுத்து யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.
* உயிலை நிறைவேற்ற ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.
* எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு அடித்துத் திருத்தாதீர்கள். மாற்ற வேண்டுமென்றால் புதிதாகவே எழுதி, மறுபடி சாட்சி வாங்குங்கள்.
* முடிந்தால் பதிவு செய்யுங்கள். தொலையாது, 'மாற்றிவிட்டார்கள்' என்ற பேச்சும் குறையும். வயதானவர் என்றால், தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் அதே நாளில் சான்று வாங்குவது நல்லது.
* எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

பெரியம்மா என்ன செய்தார்?

உள்ளூரிலேயே ஒரு பெண் வக்கீலைத் தோழி சொன்னாள். ஆட்டோ பிடித்துப் பெரியம்மா மட்டும்தான் போனார். நானும் தங்கையும் போகவில்லை. போகக் கூடாது என்றே சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் பேசிய பிறகு வக்கீல் கேட்டாராம்: "டீச்சர், உங்க வீட்டுக்காரர் வழியில ஏதாவது வந்ததா?"

பெரியப்பா பங்காக வந்த அரை ஏக்கர் நிலம் இருந்தது. எங்கள் யாருக்கும் அது நினைவிலேயே இல்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது அவங்க குடும்பத்துச் சொத்து. அந்தப் பசங்களுக்கே போகட்டும்" என்றாராம். வீட்டை ஏன் என் தங்கைக்குக் கொடுக்கிறார் என்பதையும், யாரையும் குறை சொல்லாமல், மூன்று வரிகளில் உயிலிலேயே எழுதவைத்தார். அவருடைய டாக்டரும், பள்ளியில் அவரிடம் வேலை பழகிய ஓர் இளம் ஆசிரியையும் சாட்சி. மறு வாரம் பதிவும் முடிந்தது.

பொங்கலுக்கு வந்த பெரியப்பாவின் அண்ணன் பிள்ளைகளை உட்காரவைத்து, பெரியம்மாவே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மூத்தவர் முகம் ஒரு நிமிடம் வாடியது என்று தங்கை சொன்னாள். பிறகு, "நீங்க சொன்னா சரிதான் சித்தி. இவதானே உங்களைப் பாத்துக்கறா" என்று சொல்லிவிட்டு, சர்க்கரைப் பொங்கல் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

வாடவேண்டிய முகம் அவர் கண்ணெதிரிலேயே வாடித் தெளிந்துவிட்டது. கோர்ட் வாசலில் வாடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து உங்கள் சொத்துகளை ஒரு பக்கமும், வேண்டியவர்கள் பெயரை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். அந்தப் பெயர்களில் எது உங்களைத் தயங்கவைக்கிறது? எதுவும் இல்லையென்றால், அதே தாளிலேயே தொடங்கிவிடலாம். ஒரு பெயராவது இருந்தால், திங்கட்கிழமை வக்கீலுக்கு ஒரு போன் போடுங்கள்.