வெள்ளத் தடுப்பும் கழிமுகப் புட்களும்

தேவாரத்திலும் போடியிலும் வாழும் நம்மவர்க்கு வெள்ளமென்பது ஏலமலைச் சரிவினின்று ஓரிரவில் இறங்கி, விடிவதற்குள் வடிந்துபோகும் செந்நீரே. அது முடிவில் எங்குச் சேர்கின்றதென வினவுவார் சிலர். கொட்டக்குடி ஆறு வைகையிற் கலக்கின்றது. வைகையை 1959 முதல் 71 அடி அணையொன்று தேக்குகின்றது. எஞ்சியதைக் கண்மாய்கள் வழிநெடுகப் பருக, கடைசி மிடறு இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு. ஆற்றங்கரை என்னும் ஊரருகேயுள்ள முகத்துவாரம் பெருவெள்ளத்திலன்றி நன்னீரைக் காண்பதரிது. இது முற்றும் அணையின் செயலன்று. கண்மாய்கள் அதனினும் மிகப் பழையன.

அணை கட்டியபின் கழிமுகம் என்னாகும் என்பதை அறியக் காவிரியே தக்க சான்று. 1924-ஆம் ஆண்டு ஜூலையில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய சிறிய இருப்புப்பாதையை அழித்த அதே பெருமழைக் காலத்தில் காவிரியும் கரை கடந்தது. பாசனத்தோடு வெள்ளத்தையும் அடக்கக் கருதிய மேட்டூர் அணை 1934-இல் நிறைவெய்தியது. தாழ்நிலத்துக் குடிகள் நன்மை பெற்றனர், ஐயமில்லை. ஆயினும் வெள்ளம் வெறும் நீரன்று. அது வண்டலைச் சுமந்து சென்று சேற்றுத் திட்டுக்களை வளர்க்கும். கழியின் உப்பைத் தணிக்கும். மணல்மேடு அடைத்த வாயைத் திறக்கும். அச்சேற்றிலுள்ள புழுவும் நத்தையும் இறாற்குஞ்சுமே உள்ளானுக்கும் பூநாரைக்கும் உணவு. கோரையாறும் பாமணியாறும் விழும் முத்துப்பேட்டைக் காயலில், உப்பை மிகத் தாங்கும் வெண்கண்டலே இன்று மேலோங்கி நிற்கின்றது. அதனையடுத்த கோடியக்கரை 1967-இல் சரணாலயமாயிற்று. துருவத்தையடுத்த நாடுகளினின்று புட்கள் ஆண்டுதோறும் அங்கு வருகின்றன. சரணாலயத்துக்கு எல்லை வகுத்த நாம் அதற்கு வேண்டும் நன்னீருக்குப் பங்கு வகுத்தோமில்லை.

இவ்விடத்து எம்மை வருத்துவது ஒரு சொற்றொடர்: 'கடலில் வீணாய்க் கலக்கும் நீர்'. மேடைதோறும் இதனைக் கேட்கிறோம். கழிமுகத்து மீனவரைக் கேட்டால் வீண் என்பரோ?

ஒல்லாந்தர் இதனை வருந்தியே கற்றனர். 1953-ஆம் ஆண்டுக் கடல் வெள்ளத்தில் அந்நாட்டில் 1,836 பேர் மாண்டபின், கீழைச் ஷெல்ட் என்னும் கழிமுகத்தை முற்றும் அடைக்கத் துணிந்தனர். சிப்பி வளர்ப்போரும் இயற்கை அன்பரும் எதிர்க்கவே திட்டத்தை மாற்றி, புயலில் மட்டும் மூடும் 62 கதவுகளை அமைத்து 1986-இல் முடித்தனர். உயிர்கள் காக்கப்பட்டன, கழியும் உயிர்த்திருக்கின்றது. எனினும் ஓதத்தின் வேகம் குன்றியதால் மணற்றிட்டுக்கள் தேய்ந்துவருகின்றன. புட்கள் இரைதேடும் இடம் சுருங்குகின்றது. தேய்ந்த திட்டின்மீது செலவிட்டு மணல் கொட்டுகின்றனர்.

அணை வேண்டாவென்பது எம் கருத்தன்று. வீட்டினுள் வெள்ளம் புகுந்தவனிடம் உள்ளானின் பசியைப் பேசுதல் முறையுமன்று. யாம் வேண்டுவது சிறிது. அணை திறக்கும் முறைகளை வகுப்போர், பாசனத்துக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்று கணக்கெழுதும் ஏட்டில், முகத்துவாரத்துக்கு இவ்வளவு என்றும் ஒரு வரி சேர்க்கட்டும். நல்ல மழை பெய்த ஆண்டிலேனும் அந்நீரை வெள்ளமாகவே விடட்டும்.