பீக்கோ பாதையில் நம்ம பேரும் வரட்டும்

பிரான்ஸில் திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டி, கடைசியில் ஒரு கிளாஸ் வைன் ஊற்றித் தருவார்கள். நம்ம ஹட்டனில் அந்த இடத்தில் தேயிலை. காலையில் மலை நடை, மத்தியானம் ஸ்டோர், சாயங்காலம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி ஒரு பிளேன்டீ.

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டம். நல்ல விஷயம்தான். ஆனா இந்த ரோட்டை எல்லாம் யார் போட்டது? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் தேயிலை போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். காடு வெட்டி, கல் உடைத்த நம்ம ஆட்களுக்கு அதில் ஒரு வரி கிடைத்தாலே பெரிசு. இன்றைக்கும் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போறதும், கொழுந்து மூட்டை வர்றதும் இதே வழியில்தான்.

நாங்கள் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. வழிகாட்டி வேலையை முதலில் லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்க. எத்தனையோ தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பேர் ஒன்று, நம்ம சனம் கூப்பிடுற பேர் இன்னொன்று. பலகையில் ரெண்டும் இருக்கட்டும். கொழுந்து எடுக்கிற அக்காமாரைப் படம் பிடிக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்க. நாள் சம்பளத்தை 1000 ரூபாயாக்க 2021 வரை வருஷக்கணக்காக இழுபட்டோமே, அதையும் சொல்லுங்க. கொழும்புக் கடையில் நிற்கிற நம்ம தம்பி இதை ஊரிலேயே இருந்து சொல்லிச் சம்பாதிக்கலாமே.